பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவரைத் தேட ஒரு வழிகாட்டி

நம் ஊர்ப் பக்கம் பல வீடுகளில் ஒரு ‘பட்டாளத்துச் சின்னத் தாத்தா’ இருப்பார். பத்தொன்பது, இருபது வயதில் சேர்ந்தவர். பஸ்ரா என்றோ, பர்மா என்றோ, ‘ஏதோ சீமையில்’ என்றோ சொல்வார்கள். ஒரு தந்தி வந்தது, அதோடு சரி. கல்யாணம் ஆகாமல் போனவர் என்றால் மனைவி மக்கள் கிடையாது. விசாரிக்க நேரடி வாரிசும் இல்லை. அண்ணன் தம்பி பேரப்பிள்ளைகள் யாராவது அக்கறைப்பட்டால்தான் உண்டு. அப்படி அக்கறைப்பட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இரண்டு உலகப் போர்களில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து இறந்தவர்களைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன். முதல் போரில் சுமார் 74,000 பேர், இரண்டாம் போரில் சுமார் 87,000 பேர். இவர்களின் கல்லறைகளையும் பெயர்ப் பலகைகளையும் பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். 1917இல் வேறு பெயரில் தொடங்கிய அமைப்பு. தலைமையகம் இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் ஊரில் இருக்கிறது. அதன் பதிவேடு முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் நேரே அங்கே போய்ப் பெயரைத் தட்டினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். வீட்டுப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் தேட வேண்டியது பட்டாள எண்ணை

முத்துசாமி, ராமசாமி, சுப்பிரமணியன், ஆரோக்கியசாமி. இந்தப் பெயர்களில் எத்தனை பேர் படையில் இருந்திருப்பார்கள்! பட்டாள நம்பர் ஒன்று கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அது எங்கெல்லாம் இருக்கும்?

பதக்கங்களை எடுங்கள். முகப்பை விடுங்கள், விளிம்பைப் பாருங்கள். முதல் போருக்குப் பின் தந்த வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் சுருக்கமாகப் பொறித்திருக்கும். இரண்டாம் போரின் நட்சத்திரப் பதக்கங்களிலும் இந்தியப் படையினருக்குத் தந்தவற்றில் பெரும்பாலும் பின்பக்கம் பெயரும் எண்ணும் உண்டு. அழுக்கேறி எழுத்து தெரியாவிட்டால் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பொறிப்பும் சேர்ந்து மழுங்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்து, கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

முதல் போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு உள்ளங்கையை விடப் பெரிய ஒரு வெண்கலத் தட்டும் தந்தார்கள். பிரிட்டானியா என்ற பெண்ணுருவும் ஒரு சிங்கமும் அதில் இருக்கும். கட்டத்துக்குள் இறந்தவர் பெயர் மட்டும். பதவியோ எண்ணோ இருக்காது. எல்லோரும் சமம் என்று காட்டுவதற்காக அப்படிச் செய்தார்கள். நல்ல எண்ணம்தான், தேடுகிறவர்களுக்குத்தான் உபயோகமில்லை. பழைய பாத்திரக் கடைகளுக்கு எடைக்குப் போனவை எத்தனையோ. உங்கள் வீட்டில் ஒன்று மிச்சமிருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது கடிதங்கள், மணியார்டர் துண்டுகள், பெற்றோருக்கு ஏதாவது உதவித்தொகை வந்திருந்தால் அதன் புத்தகம். பழைய புகைப்படம் இருந்தால் தோள்பட்டையில் உள்ள உலோக எழுத்துகளையும் தொப்பிச் சின்னத்தையும் பாருங்கள். படத்தின் பின்னால் ஸ்டுடியோ முத்திரை இருக்கலாம். பெங்களூர் ஸ்டுடியோ என்றால் மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியாளர் பிரிவா என்று சந்தேகப்படுங்கள். அவர்களின் தலைமையிடம் அன்றும் இன்றும் அங்கேதான்.

பெரியவர்களிடம் கேட்கும்போது ‘எப்போ செத்தார்?’ என்று கேட்டால் பதில் வராது. ‘தந்தி வந்தப்போ வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது, அத்தை பிறந்துவிட்டாளா, அறுப்பு முடிந்துவிட்டதா?’ என்று கேளுங்கள். வருஷமும் மாதமும் தானாக வரும். இன்னொன்றையும் விசாரியுங்கள். கல்யாணமாகாமல் செத்தவர்களை வீட்டுச் சாமியாக வைத்து வருஷத்துக்கு ஒருமுறை துணி வைத்துப் படைக்கிற வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அந்தப் படையல் எந்த மாதத்தில் வருகிறது என்பது நல்ல துப்பு. ஆனால் அது பெரும்பாலும் சேதி வந்த நாளாக இருக்கும், இறந்த நாளாக இருக்காது. இரண்டுக்கும் நடுவே வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ இடைவெளி இருக்கலாம்.

சில பழைய ஊர்களில், பொதுக் கட்டடச் சுவர்களில், 1914–1919 போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு கல் பதித்திருப்பார்கள். பெயர்கள் இருக்காது. ஆனால் குடும்பத்துக் கதைக்கு அது ஒரு சாட்சி.

படைப்பிரிவு தெரிந்தால் நாடு தெரியும்

எண் கிடைக்காதவர்கள் படைப்பிரிவையாவது பிடிக்க வேண்டும். முதல் போரில் நம் பக்கத்து ஆட்கள் இருந்த பிரிவுகளின் பெயர்களே ஊர்ப் பெயர்கள்தான்: 63ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படை, 83ஆவது வாலாஜாபாத் இலகு காலாட்படை, கர்நாடிக் என்ற பெயர் கொண்ட காலாட்படைகள், 61, 64, 81 என்ற எண்களில் பயனீர் (சாலை போடும்) படைகள். பாளையங்கோட்டைப் படையும் 61ஆவது பயனீர்களும் 1914 நவம்பர் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில், ஜெர்மானியருக்கு எதிராக இறக்கிவிடப்பட்டார்கள். சில நாளில் தோற்றுக் கப்பலேறினார்கள். வீட்டில் ‘ஆப்பிரிக்கா’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் இன்றைய தான்சானியாவிலிருந்து தேடலைத் தொடங்கலாம். ‘பஸ்ரா’, ‘பாக்தாத்’ என்றால் மெசபடோமியா, இன்றைய இராக்.

இரு போர்களுக்கும் இடையில் இந்தக் காலாட்படைகளைக் கலைத்துவிட்டார்கள். மதராஸ் ரெஜிமெண்டை இரண்டாம் போரின்போது மறுபடி எழுப்பினார்கள். ஆனால் அந்தப் போரில் நம் ஆட்கள் நிறையப் பேர் துப்பாக்கி பிடித்த பிரிவுகளில் இல்லை. பொறியாளர் பிரிவு, லாரி ஓட்டும் சப்ளை பிரிவு, மருத்துவப் பிரிவு, சாலை போடும் பயனீர் கம்பெனிகள் என்று இருந்தார்கள். சமையல்காரர், சலவைக்காரர், தண்ணீர் சுமப்பவர் என்று போனவர்களும் பதிவேட்டில் இருக்கிறார்கள். ‘எங்க தாத்தா சிப்பாய்’ என்று சொல்லி வளர்த்திருப்பார்கள்; பதிவில் ‘குக்’ என்று இருக்கும். அவரை அது வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பதிவேட்டில் தேடுவது

ஆணையத்தின் தளத்தில் போரில் இறந்தவர்களைத் தேடும் பக்கத்தைத் திறந்தால் பல கட்டங்கள் வரும். எல்லாவற்றையும் நிரப்பாதீர்கள். எவ்வளவு நிரப்புகிறீர்களோ அவ்வளவு தப்ப வாய்ப்பு. எண் இருந்தால் எண்ணையும், எந்தப் படை என்ற இடத்தில் ‘இந்தியன்’ என்பதையும் மட்டும் கொடுங்கள்.

எண் இல்லாவிட்டால் பெயர். ஒற்றைப் பெயர்க்காரர்களின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில்தான் ஏற்றியிருப்பார்கள். முன்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அப்பா பெயரின் முதலெழுத்தைச் சில இடங்களில் சேர்த்திருப்பார்கள், சில இடங்களில் விட்டிருப்பார்கள். அப்புறம் எழுத்துக்கூட்டல். பெயரைக் காதில் கேட்டபடி எழுதியவர் ஆங்கிலேயராகவோ வடநாட்டு எழுத்தராகவோ இருக்கலாம். சாமி என்பதற்கே நாலைந்து ஆங்கில வடிவம் உண்டு. முத்து என்பதில் டி ஒன்றா இரண்டா, எச் உண்டா இல்லையா, தெரியாது. கடைசியில் ஐ இருக்கலாம், ஒய் இருக்கலாம். பெயரின் முதல் பாதியை மட்டும் கொடுத்து, ஆண்டையும் நாட்டையும் வைத்துச் சலிப்பதுதான் நான் சொல்லும் வழி.

கூடுதல் விவரம் என்ற கட்டம்தான் பொக்கிஷம். ‘இன்னாருடைய மகன், இன்ன ஊர், இன்ன ஜில்லா’ என்று அங்கே இருக்கும், எழுதியிருந்தால். ஜில்லா பெயர்கள் அந்தக் காலத்தவை: திருச்சினாப்பள்ளி, டாஞ்சூர், வட ஆற்காடு, தென் ஆற்காடு, சிங்கிள்பட், ராம்நாட். இன்றைய மாவட்டப் பெயரில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. உங்கள் ஊர் 1940இல் எந்த ஜில்லா, எந்தத் தாலுகா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு பயிற்சி: சுபேதார் சுப்பிரமணியனைத் தேடிப் பாருங்கள். மதராஸ் சாப்பர், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தவர், ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய வீர விருது பெற்றவர். நாளும் பிரிவும் தெரிந்த ஒருவரைத் தேடிப் பழகினால் தளத்தின் போக்கு பிடிபடும்.

கிடைத்தபின் என்ன கிடைத்தது என்று புரிந்துகொள்ளுங்கள்

இங்கேதான் பலரும் மனம் உடைகிறார்கள். கல்லறை கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பதிவைப் படித்தால் கல்லறையே இல்லை. பதிவு மூன்று விதமாக இருக்கலாம்.

ஒன்று, உண்மையான புதைகுழி. மூன்று குறிகள் வரும்: பிரிவு, வரிசை, குழி எண். கிறிஸ்தவர், முஸ்லிம் என்றால் இதற்கு வாய்ப்பு அதிகம், இந்துக்களுக்கும் உண்டு. கல் எல்லோருக்கும் ஒரே மாதிரி, அதிகாரிக்கும் அதேதான். நிமிர்ந்து நிற்கும் கல் என்றால் பெரும்பாலும் இரண்டு அடி எட்டு அங்குல உயரம். இந்துக்களின் கல்லில் தேவநாகரியில் ‘ஓம் பகவதே நம:’ என்று இருக்கும். தமிழ் எழுத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பிரிட்டிஷ் சிப்பாயின் குடும்பத்தாரிடம் கல்லின் அடியில் பொறிக்க ஒரு வரி கேட்டு வாங்கினார்கள். நம் ஊர்த் தாய்மார்களிடம் கேட்க ஆள் வந்ததாகத் தெரியவில்லை.

இரண்டு, தகன நினைவகம். இந்து, சீக்கிய வீரர்களைப் பெரும்பாலும் எரித்தார்கள். இத்தாலியின் சாங்ரோ நதிக்கரையில் அப்படி எரிக்கப்பட்ட 500க்கு மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. ரங்கூனுக்கு வடக்கே தாவ்க்யானிலும் ஒரு தகன நினைவகம் இருக்கிறது. ‘எங்கள் ஜாதியில் புதைப்பதுதானே வழக்கம்’ என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு. படையின் கணக்கில் இந்து என்றால் தகனம், அவ்வளவுதான். வீட்டு வழக்கத்தைப் போர்க்களத்தில் விசாரித்திருக்க மாட்டார்கள்.

மூன்று, சுவரில் பெயர் மட்டும். உடல் கிடைக்காதவர்கள், கிடைத்தும் அடையாளம் தெரியாதவர்கள். தாவ்க்யானில் உள்ள ரங்கூன் நினைவகத்தில் கிட்டத்தட்ட 27,000 பெயர்கள். சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000க்கு மேல். பிரான்சில் நவ்-ஷப்பேல் நினைவகத்தில் இந்தியர் மட்டும் 4,700க்கு மேல். அங்கே ‘முகம்’ அல்லது ‘பலகை’ என்று ஓர் எண் கொடுத்திருப்பார்கள். அந்தத் தூணில், அந்தப் பக்கத்தில், படைப்பிரிவு வாரியாகத் தேட வேண்டும்.

இராக்கில் உள்ள பஸ்ரா நினைவகம் தனிக்கதை. 40,000 பேருக்கு மேல் நினைவுகூரும் இடம். பிரிட்டிஷ் சிப்பாய் ஒவ்வொருவருக்கும் சுவரில் பெயர். இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். சாதாரண சிப்பாய்களுக்கு ‘இந்தப் படைப்பிரிவில் இத்தனை பேர்’ என்று எண்ணிக்கை. பதவி, இனம், மதம் எதிலும் பேதம் கிடையாது என்று கொள்கை வகுத்த அதே ஆணையம் கட்டியது இது. 2021இல் ஆணையமே ஒரு குழு அறிக்கை மூலம் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. சுவரில் இல்லாவிட்டாலும் பெயர்கள் பதிவேட்டில் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும். நினைவகம் இப்போது முதலில் கட்டிய இடத்திலும் இல்லை. 1997இல் பஸ்ரா துறைமுகப் பகுதியிலிருந்து பெயர்த்து, நாசிரியா போகும் சாலையில் ஒரு பாலைவெளிக்கு மாற்றிவிட்டார்கள்.

இன்னொரு வியப்பும் காத்திருக்கலாம். ‘பர்மா சண்டை’ என்று சொல்லி வளர்த்த ஆளின் பெயர் கோஹிமாவிலோ இம்பாலிலோ இருக்கக்கூடும். 1944 சண்டையின் பெரும்பகுதி நம் எல்லைக்குள் நடந்தது. அப்படியானால் கடவுச்சீட்டே வேண்டாம், நம் நாட்டுக்குள்ளேயே போய்வரலாம்.

காகிதங்களையும் இறக்கிக்கொள்ளுங்கள்

பதிவுப் பக்கத்தின் அடியில் சில ஸ்கேன் பிரதிகள் இருக்கும். கல்லறைப் பதிவு அறிக்கை, கல்லில் பொறிக்க வேண்டியதன் பட்டியல். அதிருஷ்டம் இருந்தால் இடமாற்ற அறிக்கையும் இருக்கும். போர் முடிந்தபின் ஆங்காங்கே வயல்களிலும் காடுகளிலும் கிடந்த தனிக் குழிகளைத் தோண்டி எடுத்துப் பெரிய கல்லறைத் தோட்டங்களில் சேர்த்தார்கள். முதலில் எங்கே புதைத்திருந்தார்கள் என்பதை வரைபடக் குறியோடு அந்த அறிக்கை சொல்லும். அவர் விழுந்த இடத்துக்குப் பக்கத்து இடம் அதுதான். சான்றிதழ் போன்ற ஒரு தாளையும் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். வீட்டில் மாட்டப் பலரும் அதை விரும்புகிறார்கள். எனக்கென்னவோ இடமாற்ற அறிக்கையின் நகல்தான் பெரிது.

இறந்த நாள் தெரிந்ததும் படைப்பிரிவின் போர் நாட்குறிப்பைத் தேடுங்கள். லண்டனில் க்யூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் முதல் போருக்கு டபிள்யூ ஓ 95, இரண்டாம் போரின் பர்மா முனைக்கு டபிள்யூ ஓ 172 என்ற வரிசைகள். சாதாரணச் சிப்பாயின் பெயர் அதில் வருவது அபூர்வம். ‘காலையில் பாலம் கட்டினோம், குண்டு விழுந்தது, மூவர் இறந்தனர்’ என்ற அளவில் இருக்கும். அந்த மூவரில் ஒருவர் உங்களவர். பணிப் பதிவுகளுக்கு அந்தந்தப் படைப்பிரிவின் பதிவு அலுவலகத்துக்கு எழுத வேண்டும்: மதராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன், சாப்பர்களுக்குப் பெங்களூர். எண், பெயர், அப்பா பெயர், ஊர், இறந்த நாள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, உங்கள் உறவுமுறையையும் சொல்லுங்கள். எண் இல்லாத கடிதத்துக்குப் பதிலை எதிர்பார்க்காதீர்கள்.

போவதானால்

கிராஞ்சி சுலபம். அதே பெயரில் எம்ஆர்டி ரயில் நிலையம் இருக்கிறது, கட்டணம் இல்லை. மலேசியாவில் தைப்பிங் தோட்டம் சாலைக்கு இரு பக்கமும் பிரிந்திருக்கும். ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் மற்றவர்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நவ்-ஷப்பேலுக்கு லீல் நகரம்வரை ரயிலில் போய் அங்கிருந்து கார். மியான்மரும் இராக்கும் நிலைமையைப் பொறுத்தவை. கிளம்புமுன் அரசின் பயண எச்சரிக்கையையும், தோட்டம் திறந்திருக்கிறதா என்று ஆணையத்தின் தளத்தையும் பார்த்துவிடுங்கள்.

நுழைவாயில் பக்கத்துச் சுவரில் சின்ன உலோகக் கதவு ஒன்று இருக்கும். பெயர்ப் பதிவேடும் பார்வையாளர் புத்தகமும் உள்ளே இருக்கும். புத்தகத்தில் தமிழிலேயே எழுதுங்கள். பூ வைக்கலாம், மாலை சாத்தலாம். கல்லில் விபூதி குங்குமம் பூசுவது, எண்ணெய் ஊற்றுவது வேண்டாம். கல் உறிஞ்சிக்கொண்டால் கறை போகாது. விளக்கேற்ற ஆசை என்றால் ஒரு தட்டில் வைத்துக் கல்லுக்கு எட்டத் தரையில் ஏற்றி, அணைத்து, தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. பிடிமண் கொண்டுவருவது பற்றிக் கேட்பார்கள். மண்ணை நாடு விட்டு நாடு கொண்டுபோகப் பல நாடுகளில் தடை உண்டு, விமான நிலையத்தில் பிடுங்கிப் போடுவார்கள். எலும்பையோ அஸ்தியையோ ஊருக்குக் கொண்டுவர முடியுமா என்றால், முடியாது. இறந்த நாட்டிலேயே இருக்கட்டும் என்பது முதல் போரிலிருந்தே ஆணையத்தின் விதி.

போக வசதிப்படாதவர்கள் சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள மதராஸ் போர்க் கல்லறைத் தோட்டத்துக்காவது ஒருமுறை போய்வாருங்கள். இரண்டாம் போர்க் காலத்துக் கல்லறைகள் 850க்கு மேல் அங்கே இருக்கின்றன. உங்களவர் அங்கே இல்லை. ஆனால் கல் எப்படி இருக்கும், வரிசை எண்ணை எப்படிப் படிப்பது, பதிவேட்டை எப்படிப் புரட்டுவது எல்லாம் அங்கேயே பிடிபடும்.

வருஷா வருஷம் நினைக்க

பதிவேட்டில் உள்ள ஆங்கிலத் தேதியை அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் தமிழ் மாதமும் திதியும் தெரியும். பழைய ஆண்டுகளுக்குக் கணக்கிடும் இணையப் பஞ்சாங்கங்கள் உண்டு. சந்தேகமாக இருந்தால் ஊர் ஐயரிடம் காட்டுங்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் அந்தத் தேதியிலேயே பூசைக்குக் கொடுக்கலாம். ஏற்கெனவே ஒரு நாளில் படையல் போட்டு வருகிற குடும்பம் என்றால், பதிவேட்டுத் தேதி வேறு என்பதற்காகப் பாட்டி காலத்து நாளை மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் படத்தின் பின்னால் ஒட்டிவையுங்கள். எண், பிரிவு, இடம், பலகை எண்ணையும் அதிலேயே எழுதுங்கள். ஆணையத்தின் தளத்தில் ‘ஃபார் எவர்மோர்’ என்ற பகுதியில் படத்தையும் குடும்பக் கதையையும் ஏற்றலாம்.

பெயரே இல்லாவிட்டால்

முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள்தான் பதிவேட்டில் இருப்பார்கள். காயத்தோடு ஊர் திரும்பி, அதற்குப் பிறகு இறந்தவர் வரமாட்டார். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதைக்கு இழுத்துப் போகப்பட்டுச் செத்த தமிழர்களும், தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து இறந்தவர்களும் இதில் இல்லை. அவர்களுக்கு வேறு இடங்களில் தேட வேண்டும். சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் பலரை ஜப்பானியர் நியூ கினித் தீவுகளுக்கு வேலைக்குக் கொண்டுபோனார்கள். ஆகவே ‘சிங்கப்பூரில் காணாமல் போனார்’ என்றால் பப்புவா நியூ கினியின் லே, ரபௌல் தோட்டங்களையும் பாருங்கள்.

இந்தக் கால எல்லைக்குள் படையில் இருந்து இறந்தவர்தான், ஆனால் பெயர் விட்டுப்போயிருக்கிறது, அல்லது அப்பா பெயரும் ஊரும் தப்பாக இருக்கிறது என்றால் ஆணையத்துக்கு எழுதலாம். தளத்திலேயே விசாரணைப் படிவம் இருக்கிறது. வாய்வழிக் கதையை ஆதாரமாக ஏற்க மாட்டார்கள். அந்தக் காலத்துத் தந்தி, உதவித்தொகைக் காகிதம், படைப்பிரிவுப் பதிவு அலுவலகத்தின் கடிதம் மாதிரி ஏதாவது வேண்டும். மூலத்தைத் தபாலில் அனுப்பாதீர்கள், ஸ்கேன் போதும். தமிழ்க் காகிதம் என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்பி, அவர்கள் தரும் விசாரணை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.